சோத்துக்கை

அச்சுப்படம் வெட்டுகிற லினோத் தகடு ரப்பர் மாதிரி, குளிருக்கு விறைத்துக்கொள்ளும். விறைத்த தகட்டில் உளி இறங்காது, வழுக்கும். வழுக்கிய உளி கையில்தான் போய் நிற்கும். கோடைக்கானலில் சித்திரையிலும் மதியம் இரண்டு மணிக்கு மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். அதனால் கித்தேரியம்மாள் வகுப்புக்கு வந்ததும் தன் தகட்டின் மேல் உட்கார்ந்துகொள்வாள். பள்ளிக்கூட மெஸ்ஸில் இருபது வருஷம் சமைத்த கனத்த உடம்பு. பத்து நிமிஷம் கழித்து எழுந்தால் தகடு வெண்ணெயாக வெட்டும்.

"என்னோடதையும் கொஞ்சம் அடைகாத்துக் குடுங்கக்கா" என்று டாக்ஸி ஓட்டும் ராபின் நீட்டுவான்.

"வைலே. குஞ்சு பொரிச்சா ஒம் பேரு வைக்கிறேன்."

சர்ச்சுக்குப் பின்னால் இருந்த பழைய சலவைக்கூடம் அது. தகரக்கூரை. ஜென்சி டீச்சர் வெள்ளையடித்து, பெஞ்சு போட்டு, ஊர்க்காரர்களுக்கான ஓவியக்கூடம் ஆக்கியிருந்தார். சீசனில் பெரியவர்களுக்கு மட்டும் வகுப்பு. செவ்வாயும் வியாழனும், இரண்டிலிருந்து நாலு. காட்டேஜ்களில் பழைய ஆட்கள் காலி செய்து புது ஆட்கள் வந்து சேர்வதற்கு இடைப்பட்ட நேரம். ரூம் கூட்டுகிறவர்கள், டாக்ஸிக்காரர்கள், சாக்லேட் கடைப் பெண்கள் என்று பதினொரு பேர்.

இருளாயியை அங்கே இழுத்து வந்தது கித்தேரியம்மாள்தான். அவள் வீட்டுக்குப் பக்கத்துக் காட்டேஜில் இருளாயி புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தாள். விடியுமுன் எழுந்து தைலமரக் கட்டை பிளந்து, பாய்லருக்குத் தீ வைக்க வேண்டும். பன்னிரண்டு ரூமுக்கு வெந்நீர். பிறகு பெட்ஷீட், பாத்ரூம். மதியம் சும்மா இருந்தால் சுவரைப் பார்த்தபடி இருப்பாள். சோறு முன்னால் ஆறிப்போய்க் கிடக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒரு செவ்வாய்க்கிழமை கையைப் பிடித்துக் கூட்டி வந்துவிட்டாள்.

ஜென்சி டீச்சர் நோட்டைத் திறந்தார்.

"பேரு?"

"இருளாயி."

"ஊரு?"

"மேல்மலை. பூண்டி."

"வீட்டுக்காரர் பேரு?"

இருளாயி தரையைப் பார்த்தாள். டீச்சர் தவறாக நினைத்துக்கொண்டு, "சாரிம்மா, தெரியாமக் கேட்டுட்டேன்" என்றார்.

"ஐயோ, அவுக நல்லா இருக்காக டீச்சர்" என்று பதறிப்போய், பர்சிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து நீட்டினாள். கித்தேரியம்மாள் அதைப் பிடுங்கி உரக்கப் படித்தாள். "கணவர், திருமலைச்சாமி."

தானே சொல்லிவிட்டதைப் போல இருளாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. பெண்டாட்டி பேர் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்பது பூண்டிப் பக்கத்துப் பேச்சு.

"எங்க வீட்டு மனுஷனை நான் பேரைச் சொல்லித்தான் வையிறேன். தெனம் நாலு தரம். அது எங்க கொறையுது? கல்லு மாதிரி கெடக்கு" என்றாள் கித்தேரியம்மாள். வகுப்பே சிரித்தது. இருளாயியும் கொஞ்சம் சிரித்தாள். ஒன்றரை மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

உளி அவளுக்குச் சீக்கிரம் வசப்பட்டது. பூண்டுத் தாளும் முட்டைக்கோசும் அறுத்த கை. முதல் நாள் ஒரு இலை வெட்டச் சொன்னார் டீச்சர். அழுத்தி வெட்டியதில் உளி தகட்டைத் தாண்டி இடது பெருவிரலின் அடிச்சதையில் இறங்கியது. ரத்தம் இலை நரம்பில் ஓடியது. அவள் சத்தம் போடவில்லை. உளியைப் பிடுங்கி, சேலையில் துடைத்து, மிச்ச இலையை வெட்டி முடித்தாள்.

"இவளுக்கு வலிக்காதா?" என்றான் ராபின்.

"வலிக்கிற எடம் வேற எங்கேயோ இருக்குலே" என்றாள் கித்தேரியம்மாள்.

அன்று சாயங்காலம் இருளாயியின் தம்பி முருகவேல் போனில் பேசினான். காய்கறி வண்டி ஓட்டுகிறவன்.

"படம் வரையப் போறியாமே. என்னக்கா சோலி இது?"

"சும்மாதான்டா. கையில உளி குடுக்குறாங்க."

"அப்ப என் வண்டிக்குப் பின்னால ஒரு புலி வரைஞ்சு குடு. ஒத்தக் கையைத் தூக்கிக்கிட்டு நிக்கிற மாதிரி."

"எந்தக் கையிடா?"

"என் கைதான். பீச்சாங்கை. வேற யாரு வண்டியிலயும் இருக்கக் கூடாது."

பூண்டியில் பீச்சாங்கைக்காரன் அவன் ஒருவன்தான். சின்ன வயதில் ஆத்தா அந்தக் கையை முதுகோடு கட்டிப் போட்டுப் பார்த்தாள். கட்டை அவிழ்த்ததும் இடது கையாலேயே சோற்றை அள்ளினான். பந்தியில் யாரும் அவன் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். சின்னவனுக்குச் சோறு ஊட்டுவது அக்காவின் வேலையானது.

மூன்றாவது வாரம் டீச்சர் பெரிய தகடு கொடுத்தார்.

"கண்ணை மூடுங்க. முதல்ல என்ன தெரியுதோ அதையே வரைஞ்சு வெட்டுங்க. நல்லா இருக்கணும்னு அவசியமில்ல. உண்மையா இருந்தாப் போதும்."

இருளாயி கண்ணை மூடினாள். இரண்டு மாதமாக அங்கே இருந்தது அதுதான்.

பங்குனி மாதம். பூண்டு பிடுங்குகிற நேரம். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய காட்டைப் பட்டி என்பார்கள். அவர்களுடைய மேல்பட்டிக்கு அடுத்த கீழ்ப்பட்டி ஞானவேலுடையது. ஓடையிலிருந்து இரண்டு காட்டுக்கும் ஹோஸ் போட்டுத்தான் தண்ணீர். அந்த வருஷம் ஓடை இளைத்துவிட்டது. ஹோசை அவள் புருஷன் அறுப்பதும் ஞானவேல் அறுப்பதுமாக இருந்தது. அன்று காலை அவள் சுக்குக் காப்பித் தூக்கோடு மேல்பட்டியில் வந்து நின்றாள். மேகம் காட்டை மூடியிருந்தது. அது விலகிய இடத்தில் அவள் புருஷனின் முதுகு தெரிந்தது. ஸ்வெட்டர், தலையில் துண்டு. அவருக்கு முன்னால் ஞானவேல் குனிந்து அறுந்த ஹோசை ரப்பர் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். ரப்பரின் ஒரு நுனி அவன் பல்லில் இருந்தது. புருஷனின் வலது கையில் அருவாள் மேலே ஏறியது.

இரண்டு வெட்டு. முட்டைக்கோசை அடித்தண்டோடு வெட்டுகிற சத்தம்.

அவர் மேலேறி வந்தார். ஹோஸ் தண்ணீரில் அருவாளைக் கழுவினார். அவள் கையிலிருந்த தூக்கை வாங்கிக் காப்பியைக் குடித்தார். சூடாக இருந்ததால் ஊதி ஊதிக் குடித்தார்.

"நீ இன்னிக்கு இங்க வரல" என்றார்.

ஞானவேல் பேச்சில்லாமல் மூன்று நாள் கிடந்து செத்தான். போலீஸ் ஊரையே விசாரித்தது. பார்த்தவர்கள் யாரும் இல்லை. போலீஸ் வருவதற்குள் அவள் கோடைக்கானல் காட்டேஜுக்கு வந்துவிட்டிருந்தாள். எவனோ சொந்தக்காரன் மூலம் வேலை பார்த்துக் கொடுத்தவர் அவர்தான்.

அதையே வெட்டினாள்.

"எழுத்து போடுறவங்க கவனமாக் கேளுங்க" என்று டீச்சர் எல்லா வகுப்பிலும் சொல்வார். "அச்சுல எல்லாம் திரும்பி விழும். எழுத்தை இடவலமா மாத்தி, கண்ணாடியில பாக்குற மாதிரி வெட்டணும்." இருளாயி எழுத்து எதுவும் போடவில்லை. அந்தப் பேச்சு தனக்கில்லை என்று இருந்துவிட்டாள். பார்த்ததைப் பார்த்தபடி வெட்டினாள். வலப்பக்கம் ஓடை. நடுவில் முதுகு. வலது கையில் அருவாள். கீழே குனிந்த உருவம். மேகத்துக்கு நுண்ணிய உளியால் நூறு நூறு கோடு. முகம் என்று எதையும் வெட்டவில்லை.

அச்சுப்போட்ட நாளில் கூடம் மெஸ் மாதிரி இருந்தது. மெஷின் கிடையாது. மையை ரோலரால் தகட்டில் உருட்டி, காகிதத்தை மேலே போட்டு, மர அகப்பையின் பின்புறத்தால் தேய்க்க வேண்டும். கித்தேரியம்மாள் மாதாவும் குழந்தையும் வெட்டியிருந்தாள். கீழே "மரியே வாழ்க". காகிதத்தை உரித்துப் பார்த்துவிட்டு அலறினாள்.

"ஏசுவே! இது என்ன பாஷை?"

"லத்தீனுக்கா" என்றான் ராபின். "அங்க பாருங்க. குழந்தையும் இடுப்பு மாறிருச்சு."

"கை வலிச்சிருக்கும், மாத்தி வச்சிருக்கா. ஒனக்கென்னலே? சொமந்தவளுக்குத்தான தெரியும்."

எல்லோரும் சிரிக்கிற சத்தத்தில் இருளாயி தன் காகிதத்தை உரித்தாள். ஈர மை மினுங்கியது. ஏதோ சரியில்லை. ஓடை இடப்பக்கம் கிடந்தது. என்னவோ என்று யோசிப்பதற்குள் டீச்சர் பின்னால் வந்து நின்றார்.

"இருளாயி, சனி ஞாயிறு இங்க வைக்கிற கண்காட்சியில இதை மாட்டலாமா?"

அவள் படத்தைப் பார்த்தாள். அந்த முதுகு யாருடையதாகவும் இருக்கலாம். நெஞ்சிலிருந்து அது காகிதத்துக்கு இறங்கிவிட்டதைப் போல இருந்தது. அன்றைக்கு நன்றாகப் பசித்தது.

"மூஞ்சி இல்லையே டீச்சர். மாட்டுங்க."

டீச்சர் நல்ல மனசோடு படத்துக்குக் கீழே ஒரு சீட்டு ஒட்டினார். இருளாயி, பூண்டி.

மலர்க்கண்காட்சிக்கு வந்த கூட்டம் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஓவியக்கூடத்துக்கும் வந்தது. யார் யாரோ போட்டோ எடுத்தார்கள். அதில் ஒருவர் பூண்டு மூட்டை இறக்க வந்த பூண்டிக்காரர்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் பாய்லரடியில் இருந்தாள். புருஷன் வந்தார். தலை மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு கையில் பஞ்சாமிர்த டப்பா, ஒரு கையில் ஆயக்குடிக் கொய்யாப் பை.

"பழனிக்குப் போயி எறக்கிட்டு வாரேன். வேண்டுதல்" என்றார். விறகுக் கட்டையில் உட்கார்ந்தார். கொய்யாவை இரண்டாகப் பிட்டு அவளுக்கு ஒரு பாதி கொடுத்தார். அப்படிக் கொடுத்து அவள் பார்த்ததில்லை.

"தின்னு. ஒன்னைய என்னமோன்னு நெனச்சேன் புள்ள. வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன்."

"என்ன செஞ்சேன்?"

"தெரியாத மாதிரி கேக்குறா பாரு." சிரித்தார். "படத்தை ஊரே பாத்திருச்சு. இருளாயி கண்ணால பாத்ததை வரைஞ்சிட்டான்னு பேச்சு. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அப்புறம் போன்ல பாக்கேன், பீச்சாங்கையில அருவா! எந்தப் பொம்பள செய்வா? கூடப் பொறந்தவனைக் குடுத்துப் புருஷனைக் காப்பாத்திட்டியே."

கொய்யா அவள் வாயில் நின்றது.

"தம்பிக்கு என்ன?"

"நேத்து சாயங்காலம் லோடு ஏத்திக்கிட்டு இருந்தவனைச் சிவமுருகன் ஆளுங்க பிடிச்சிட்டாங்க. ஞானவேலுக்கு அண்ணன், சும்மா இருப்பானா? பொங்கலுக்கு வண்டி நிறுத்துறதுல இவனும் ஞானவேலும் சட்டையைப் பிடிச்சது வேற இருக்கு. தராசுத் தட்டுல கையை வச்சு, எடைக்கல்லால..." பஞ்சாமிர்த மூடியைத் திறந்தபடியே சொன்னார். "அந்தப் பீச்சாங்கை இனிமே இல்ல. இங்கதான் ஆசுபத்திரியில கெடக்கான். நாளைக்குப் போலீஸ் கேஸ் போட்டுக் கூட்டிட்டுப் போயிருவாங்க. வெளிய விட்டா தலையத்தான்னு சிவமுருகன் சொல்லிருக்கான்."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. இடப்பக்கம் கிடந்த ஓடை. இடுப்பு மாறிய குழந்தை.

"நான் வெட்டுனது சோத்துக்கை" என்றாள்.

"என்ன?"

"காயிதத்துலதான் திரும்பிருச்சு. தகட்டுல சோத்துக்கைதான் இருக்கு. ஒங்க கை."

அவர் பஞ்சாமிர்தத்தைக் கீழே வைத்தார். எழுந்தார். அவள் கூந்தலைப் பிடித்து முகத்தைச் சுவரில் அறைந்தார். மூக்கிலிருந்து சூடாக இறங்கியது. அவளுடைய வலது கையை மணிக்கட்டில் பிடித்து, விரித்து, பாய்லர் தகரத்தில் வைத்து அழுத்தினார். தோல் சீறியது. அவளுக்கு முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு வாடை. பிறகுதான் வலி.

"இந்தக் கைதான வெட்டுச்சு? இதுதான?"

மாடி ஜன்னல் திறந்தது. "அக்கா! அஞ்சாம் நம்பர்ல ஹாட் வாட்டர் வரலக்கா!"

அவர் கையை விட்டார். "வருதுங்க சார்" என்று மேலே பார்த்துச் சொன்னார். பிறகு குனிந்து, "அந்தத் தகடு எங்க இருக்கு?" என்றார்.

ஓவியக்கூடத்தில் படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஏணியில் நின்றார். ராபின் ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். கித்தேரியம்மாள் முக்காலியில் உட்கார்ந்து தகடுகளை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தார் இருளாயியின் புருஷன். ஒரு கையில் அவள் முடி.

"இவ வெட்டுன தகடு எது?"

டீச்சர் இருளாயியின் முகத்தைப் பார்த்தார். ரத்தம். அவள் ஏந்திப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். ஏணியிலிருந்து இறங்கினார்.

"அவங்க முடியை விடுங்க முதல்ல."

புறங்கையால் ஒரு அறை. டீச்சர் மை மேஜையில் போய் விழுந்தார். புருஷன் அலமாரியைக் கவிழ்த்தார். தகடுகள் தரையெல்லாம் சிதறின. ஒவ்வொன்றாகப் புரட்டினார். பூ, தேவாலயம், காட்டுமாடு, மாதா. ராபின் பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பிடித்தான். அவர் தரையில் கிடந்த உளியை எடுத்துத் திரும்பாமலே குத்தினார். ராபினின் முன்கையில் உளி ஏறி, உள்ளேயே நின்றது.

கித்தேரியம்மாள் மட்டும் அசையவில்லை.

"யம்மா, எந்திரி" என்றார் அவர்.

"முடியாதுய்யா. மூட்டுவலி. நீங்க வேணா தூக்கி விடுங்க." அவள் முழங்காலைத் தடவினாள். "அந்தப் புள்ள தகட்டையா தேடுறீங்க? அதுல மை ஒட்டிக்கிச்சுன்னு காலையில பாய்லர்ல போட்டுட்டோமே."

வெளியே டாக்ஸிக்காரர்கள் ஓடி வரும் சத்தம் கேட்டது. அவர் இருளாயியைப் பார்த்தார்.

"ஊருக்கு வருவேல்ல. அங்க பேசிக்கிறேன்."

பின்வாசல் வழியாக இறங்கிப் போனார். கித்தேரியம்மாள் மெதுவாக எழுந்தாள். முக்காலியில் இருளாயியின் தகடு இருந்தது. அவள் சூட்டில் இளகி, மூலையில் லேசாக வளைந்திருந்தது.

"நல்லா அடைகாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதாள்.

ஆசுபத்திரியில் ராபினுக்குத் தையல் போட்டார்கள். இருளாயியின் கையில் மருந்து தடவித் துணி சுற்றினார்கள். ஆண்கள் வார்டில் முருகவேலின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் இடது கை தலையணை அளவுக்குத் துணி சுற்றிக் கிடந்தது. துணியின் நுனியில் விரல்கள் தெரிய வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அக்கா" என்றான். உதடு கிழிந்திருந்தது. "நீ என்னையவா பாத்த?"

"இல்லடா."

"நான் அன்னிக்கு வண்டியிலதான தூங்கிக்கிட்டு இருந்தேன். அப்ப எதுக்குக்கா என் கைய வரைஞ்ச?"

கட்டிலோரம் சாப்பாடு மூடியிருந்தது. திறந்து, நல்ல இடது கையால் பிசைந்து, ஒரு வாய் ஊட்டினாள். அவன் அவளையே பார்த்தபடி மென்றான்.

"பீச்சாங்கையில ஊட்டுறியேக்கா" என்றான்.

வெளியே வந்ததும் ராபின், "ஸ்டேஷனுக்குப் போயிருவோம்க்கா" என்றான்.

"போவோம். மொதல்ல ஊரு. படம் ஊருக்குத்தான போச்சு. அங்க போயித்தான் திருப்பணும்."

"ஒங்க வீட்டுக்காரர் அங்க இருப்பாருக்கா."

"இருப்பாக. வெரசா போப்பா."

கையில் தையலோடு ராபின் ஓட்டினான். பூம்பாறை தாண்டி, மன்னவனூர் தாண்டி, கவுஞ்சி வளைவுகளில் வெயில் சாய்ந்தது. பட்டி பட்டியாகக் கேரட் காடுகள். அவள் மடியில் ஒரு துண்டில் சுற்றித் தகடு இருந்தது. குளிரக் குளிர அது விறைத்துக்கொண்டு வந்தது.

சிவமுருகன் வீட்டுக் களத்தில் பூண்டுக் கட்டுகள் குவிந்திருந்தன. புகைபோட்டுக் காயவைக்கிற கொட்டகைக்கு ஏற்றுவதற்கு முன் பெண்கள் தாள் பின்னிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஞானவேலின் பெண்டாட்டி சுபஸ்ரீ, வெறும் கழுத்தோடு. ஆண்கள் கட்டிலிலும் படியிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கிடையில் மொட்டைத் தலையோடு அவள் புருஷன் நின்று ஒவ்வொரு கையிலும் பஞ்சாமிர்தம் வைத்துக்கொண்டு வந்தார்.

"வா இருளாயி" என்றார் சிவமுருகன். தன் கையிலிருந்த பஞ்சாமிர்தத்தை நக்கினார். "ஒன்னால எந் தம்பிக்கு நியாயம் கெடச்சுச்சு. ஒக்காரு."

அவள் உட்காரவில்லை. துண்டை அவிழ்த்துத் தகட்டைக் களத்தில் வைத்தாள். பக்கத்தில் ராபின் ஓவியக்கூடத்திலிருந்து கொண்டுவந்த படத்தை விரித்து நாலு பூண்டுக்கட்டை மூலையில் வைத்தான்.

"அண்ணே, இது நான் கையால வெட்டுனது. இது அதுலேருந்து எடுத்தது. அச்சுல திரும்பி விழும். எனக்குத் தெரியல. டீச்சர் சொன்னாங்க, நான் காதுல வாங்கல. என் தப்புதான். நான் பாத்தது தகட்டுல இருக்கு."

யாருக்கும் புரியவில்லை. ஒரு கிழவர், "எப்படித் திரும்பும்? படமென்ன பம்பரமா?" என்றார். அவள் புருஷன் சிரித்தார்.

"தம்பிக்கு இப்படி ஆயிருச்சுன்னு அவளுக்குப் புத்தி கலங்கிருச்சு. கையில சூடு வச்சிருக்கா பாருங்க. தானா வச்சுக்கிட்டது. கூட்டிட்டுப் போறேன்."

அவளை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். அதற்குள் சுபஸ்ரீ பூண்டுத் தாளைப் போட்டுவிட்டு எழுந்து வந்து குனிந்தாள். படத்தைப் பார்த்தாள். தகட்டைப் பார்த்தாள். வெட்டுக்குழியில் விரலை வைத்து நகர்த்தினாள்.

"ஓடை" என்றாள்.

"என்ன?"

"மேல்பட்டியில நின்னு பாத்தா ஓடை சோத்துக்கைப் பக்கம்ல ஓடும்? காயிதத்துல தப்பா இருக்கு. இதுலதான் சரியா இருக்கு." அவள் விரல் ஓடையிலிருந்து முதுகுக்கு வந்தது. அங்கிருந்து கைக்கு ஏறியது. "அக்கா நெசந்தான் சொல்லுது. இது பீச்சாங்கை இல்ல."

சிவமுருகன் எழுந்து வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நேற்று எடைக்கல்லைத் தூக்கிய தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சரி. சோத்துக்கைதான்" என்றார். "ஊருல எல்லாருக்கும் அதுதான இருக்கு? எனக்கு இருக்கு. இந்தா, இவருக்கு இருக்கு. அந்தா, அவனுக்கு இருக்கு. முதுகை வச்சு நான் யாரைப் பிடிப்பேன்? மறுபடி ஒருத்தன் கைய நசுக்கச் சொல்றியா? நீ பாத்தியா இல்லையா? பாத்தா பேரைச் சொல்லு."

அவள் வாய் திறந்தது. மூடியது. பழக்கத்தில் கை முந்தானைக்குப் போனது. துணி சுற்றிய கை. முந்தானையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

"சொல்ல மாட்டா" என்றார் புருஷன் மெதுவாக. சிரிப்பு போகவில்லை. "எதைச் சொல்வா? எம் பொண்டாட்டியை எனக்குத் தெரியாதா?"

"அவுகதான்" என்றாள்.

"எவுக?" என்றார் சிவமுருகன்.

தூரத்தில் யாரோ மாட்டை ஓட்டுகிற சத்தம் கேட்டது. மேல்பட்டியிலிருந்து மேகம் இறங்க ஆரம்பித்திருந்தது. இருளாயி புருஷனின் முகத்தை நேராகப் பார்த்தாள். அன்று காலையில் அவர் காப்பியை ஊதி ஊதிக் குடித்தது ஞாபகம் வந்தது.

"திருமலைச்சாமி" என்றாள்.

குரல் அவளுடையது மாதிரி இல்லை. இன்னொரு முறை சொன்னாள். "பூண்டி, மேல்பட்டி, திருமலைச்சாமி."

சுபஸ்ரீ தன் உள்ளங்கையைப் பார்த்தாள். பாதி தின்ற பஞ்சாமிர்தம். அதைக் களத்து மண்ணில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். ஒவ்வொருவராகத் துடைத்தார்கள். கடைசியாகச் சிவமுருகன் வலது கையை வேட்டியில் துடைத்தார். பிறகு பூண்டுத் தாள் அறுக்கிற அருவாளுக்காகக் குனிந்தார்.